இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு

பஞ்சாலைக்குக் கணினி மீது ஆசை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாற்பத்தேழு வயதில், படி ஏறும்போதெல்லாம் நொறுநொறுவென்று சத்தம் போடுகிற இரண்டு முழங்கால்களை வைத்துக்கொண்டு, பகாவ் டவுனில் ஒரு கடை வரிசையின் மூன்றாம் மாடிக்கு வாரம் இரண்டு நாள் அவள் ஏறி இறங்கினாள் என்றால் அது அறிவுத் தாகத்தால் அல்ல. வீட்டுக்காக.

வீடு என்றால் அவளுடைய சொந்த வீடு இல்லை. தோட்டத்து வீடு, லயம் என்கிற வரிசை வீடுகளில் ஆறாவது கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் ஒருவராவது இருக்கிறவரை வீடு உண்டு, இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். அவளுடைய கணவர் மணியம் செம்பனைக் குலை வெட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே சுரணை போய்விட்டது. அன்று படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து தோட்டத்துப் பேரேட்டில் அந்த வீட்டுக்கு இருந்தது பஞ்சாலையின் பெயர் மட்டும்தான்.

அவள் மருந்து அடிக்கிறவள். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு செம்பனை மரத்தடிப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிப்பது இருபத்தாறு வருட வேலை. போன ஜூலையில் கிளினிக் டாக்டர் அவள் நெஞ்சுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினார். அந்தக் காகிதத்தை மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் பஞ்சாலைக்கு, இது தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகிற காகிதம் என்று உறைத்தது.

மேனேஜர் மலாய்க்காரர், சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. வருட முடிவுவரை உதிரிப் பழம் பொறுக்கப் போகச் சொன்னார். அதுவும் குனிந்து குனிந்து செய்கிற வேலைதான், ஆனாலும் மருந்து இல்லை. பிறகு, லாரி நிறுக்கும் மேடையில் கணக்கெழுதுகிற கிராணி டிசம்பரோடு ஓய்வு பெறுகிறார், அது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, நீ மூன்றாம் படிவம்வரை படித்திருக்கிறாய், எண்ணிக்கையில் தப்பு விட்டதில்லை, ஆனால் அங்கே இப்போது கணினி வந்துவிட்டது, அதற்கு ஒரு சிஜில் வேண்டும், சான்றிதழ் இல்லாமல் தலைமையகம் ஒத்துக்கொள்ளாது என்றார். டிசம்பர் முடிவுக்குள் சிஜில் வந்தால் வேலை. வராவிட்டால் வீட்டுக்குப் புது ஆட்கள் காத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். வருத்தத்தோடு சொன்னாலும் டிசம்பர் டிசம்பர்தான்.

மகள் லோகேஸ்வரி சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்; ரஹாங்கில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் இருக்கிறாள். "அம்மா, விட்டுட்டு வந்துருங்கம்மா" என்று போனில் சொல்வாள். எங்கே வருவது? ஐந்து பெண்கள் படுக்கிற அறையில் மணியத்தின் கட்டிலைப் போடுவது எங்கே? அதை மகளும் கேட்கவில்லை, தாயும் சொல்லவில்லை.

ஆகவே பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தில் 'கொம்புட்டர்', 'பெர்சுமா', 'சிஜில்' என்ற மூன்று சொல்லைப் பார்த்ததும் பஞ்சாலை வேறு எதையும் படிக்கவில்லை. கணினி, இலவசம், சான்றிதழ்: அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். எழுத்துத் தட்டச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்து, நகத்தை வெட்டிக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு போனாள். முதல் நாள் அவள் கையில் கொடுத்தது ஒரு திருப்புளி. அது கணினியைப் பிரித்துப் பூட்டுகிற வகுப்பு. உள்ளே என்னென்ன உறுப்பு இருக்கிறது, எப்படிச் சேர்ப்பது, சேர்த்தபின் இயங்குதளத்தை எப்படி ஏற்றுவது என்பதைச் சொல்லித்தருகிற பன்னிரண்டு வாரப் பயிற்சி. எழுத்துத் தட்டுகிற வகுப்பு அடுத்த வருடம்தானாம். கழுத்தில் தாலி ஏறியபிறகு மாப்பிள்ளைக்கு நிறம் போதாது என்று சொல்லி என்ன பயன்? மேனேஜர் கேட்டது கணினி சிஜில். எந்த சிஜில் என்று அவருக்கும் தெரியாது. பஞ்சாலை திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ஒரு மணிவரை பழம் பொறுக்கல், ஓடிவந்து மணியத்துக்குச் சோறு கொடுத்து உடம்பைத் துடைத்துத் திருப்பிப் படுக்கவைத்து, ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, இரண்டரைக்கு வகுப்பு. வகுப்பில் ஏர்கான் உண்டு. பஞ்சாலை போன்றவர்களுக்கு அது பெரிய ஆபத்து. குளிர்ந்த காற்று கழுத்தில் பட்டதும் கண் தானாக மூடிக்கொள்ளும். மூன்றாம் வகுப்பில் மேசைமேல் திறந்துவைத்த கணினிப் பெட்டிக்குள்ளேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுந்தபோது கன்னத்தில் பலகையின் தடம் பதிந்திருந்தது. இளசுகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த யோகேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன். அம்பாங்கானில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை சொல்லிவைத்திருந்தார்கள், சிஜில் கிடைத்த மறுநாள் போய்ச் சேர வேண்டும்.

சொல்லிக் கொடுத்தவள் அல்ஃபியா. இருபத்தாறு வயதுதான். பஸ் நிலையத்தருகே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் யாக்கூப்பின் மகள். மலாயில் பாடம் நடத்திவிட்டு, பஞ்சாலையின் மேசைக்கு வந்து தமிழில் இன்னொரு முறை சொல்வாள். அன்று தூங்கியதற்குத் திட்டுவாள் என்று பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அல்ஃபியா தன் அப்பா கடையிலிருந்து வந்த தேநீரில் பாதியை ஊற்றி முன்னால் வைத்தாள்.

"குடிங்க ஆண்டி. நாப்பது நிமிஷம் தூங்கிட்டீங்க. மூஞ்சிய பாத்தா எழுப்ப மனசு வரல லா."

"மன்னிச்சிருங்க டீச்சர். ராத்திரில அவர ரெண்டு தரம் திருப்பிப் போடணும். அதான்."

"பாடத்த நா திரும்பச் சொல்றேன். டீ ஆறிடும், மொத குடிங்க."

பஞ்சாலையின் விரல்கள் தடித்தவை, காய்ப்பு ஏறியவை, செம்பனை முள் ஒன்று வலது ஆள்காட்டி விரலுக்குள் ஏழு வருடமாக இருக்கிறது. கணினிக்குள் இருக்கிற திருகாணியோ எள்ளுக்கு அண்ணன். அதை எடுத்துத் துளையில் வைப்பதற்குள் வேர்த்துவிடும். ஆனால் நினைவகப் பலகையை அதன் பள்ளத்தில் செருகுகிற வேலையில் அவளை யாரும் மிஞ்சவில்லை. இளசுகள் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்துவார்கள், அது உட்காராது. பஞ்சாலை இரண்டு கட்டை விரலையும் வைத்து ஒரே அழுத்து. 'க்ளிக்'. "அது லா!" என்பாள் அல்ஃபியா. முழு வகுப்பிலும் பஞ்சாலைக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், ஆனாலும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதை நினைத்துக்கொள்வாள்.

இயங்குதளம் என்றால் என்ன என்று பாடம் வந்த நாளில் அவள் நீண்டநேரம் யோசித்தாள். உறுப்புகள் ஒன்றை ஒன்று அறியாதாம். விசைப்பலகைக்குத் திரை யாரென்று தெரியாது. யார் எப்போது வேலை செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு இடம் என்று நடுவில் நின்று பங்கு பிரித்துக் கொடுப்பது இயங்குதளம்.

"அப்படின்னா இது கங்காணி, டீச்சர்" என்றாள் பஞ்சாலை.

அல்ஃபியா சிரித்துவிட்டாள். "கரெக்ட் ஆண்டி. கங்காணிதான்."

"கங்காணி இல்லாட்டி வேல நடக்காதுன்னு கங்காணிதான் சொல்லுவாரு. இங்க நெசமாவே நடக்காது போல."

அதேபோல்தான் நினைவகப் பாடமும். மின்சாரம் இருக்கும்வரை மட்டும் ஞாபகம் வைத்திருப்பது ஒன்று, மின்சாரம் போனாலும் மறக்காதது ஒன்று. பஞ்சாலைக்கு இது சொல்லாமலே புரிந்தது. வகுப்பில் கேட்ட ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பஸ் ஏறுவதற்குள் போய்விடும். படிக்கட்டிலேயே ஒன்றிரண்டு உதிரும். ஆனால் எந்த வயர் எந்தத் துளைக்கு, எது முதலில் எது பிறகு என்பதைக் கை மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்துவிடலாம் போலிருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில், தேறிவிடுவோம் என்று அவளுக்கே ஒரு நம்பிக்கை வந்திருந்தது. சோர்வுக்கு நடுவில் அது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. இடி.

அந்தப் பக்கத்தில் நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தால் இடி இல்லாமல் போகாது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பா என்பதற்கு அடுத்துச் சொல்லித்தருவது, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு என்பதைத்தான். கம்பத்திலிருந்து பத்து வீட்டுக்கும் ஒரே வயர் ஓடுகிறது. எங்கோ விழுந்த மின்னல் அந்த வயரில் நுழைந்து வரிசையாக வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொண்டு போகும். பஞ்சாலையின் கல்யாணத்துக்கு வாங்கிய டிவி அப்படித்தான் போயிற்று. பிறகு வாங்கிய டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நாளில் கருகின. ஆகவே முதல் உறுமல் கேட்டதும் லயமே எழுந்துவிடும். சோற்றில் கை வைத்தவர்கூட எச்சில் கையோடு எழுந்து போய்ப் பிடுங்குவார். பெரிய கோயில் திருவிழாவில் ஒருமுறை சாமி ஊர்வலத்தின் நடுவில் இடி இடிக்க, பஞ்சாலை ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டாள். மேளக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை.

இப்போது அவள் வீட்டில் நான்கு பிளக். ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, நான்காவது மணியத்தின் காற்று மெத்தைக்கு உயிர் கொடுக்கிற சின்ன மோட்டார். முதுகில் புண் வராமல் இருக்கக் கோயில்காரர்கள் வாங்கிக்கொடுத்த மெத்தை அது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே போகும்போதே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போகவும் முடியாது. வகுப்பு நேரத்தில் வானம் உறுமினால் பஞ்சாலை படிக்கட்டுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ராக்கம்மாவுக்குப் போன் போடுவாள். ராக்கம்மா வந்து நான்கையும் பிடுங்கிவிட்டு, "புடுங்கியாச்சிடி, நீ போய்ப் படி" என்பாள். அதன்பிறகுதான் பஞ்சாலையால் உட்கார முடியும்.

தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. இரண்டரையிலிருந்து ஐந்துவரை. உதிரியாகக் கொடுத்த உறுப்புகளைச் சேர்த்து, இயங்குதளத்தை ஏற்றி, திரையில் முகப்பு வரவைத்துக் காட்ட வேண்டும். அதற்கென்று சிரம்பானிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். அன்றைக்கென்று ராக்கம்மாவுக்குக் கண் சோதனை. அவளும் சிரம்பானுக்குப் போய்விட்டாள். ஆடு நனைகிறதே என்று அழ ஓநாய்கூட அன்று லயத்தில் இல்லை; மற்றவர்கள் எல்லாம் வேலையில்.

காலையில் சோறு கொடுக்கும்போது பஞ்சாலை சொன்னாள்: "மழ வந்தா வந்துட்டுப் போவட்டும். நீங்க பேசாம படுத்திருக்கணும். எரிஞ்சா எரியட்டும்ங்க. கட்டில்ல இருந்து எறங்கக் கூடாது."

"நா எங்கடி எறங்கப் போறேன்" என்றார் மணியம். "கால் கேட்டாதான எறங்க. நீ பாட்டுக்குப் போ."

தேர்வாளர் நரைத்த மீசையும் இஸ்திரி குலையாத சட்டையுமாக இருந்தார். ஆறு பேர். இரண்டிரண்டு பேருக்கு ஒரு நீட்டிப்பு வயர், ஒரு பென்டிரைவ். அந்தப் பென்டிரைவில்தான் இயங்குதளம் இருக்கிறது. ஒருவர் இருபது நிமிடம் வைத்துக் கணினிக்குள் நகல் எடுத்துக்கொண்டு மற்றவருக்குத் தர வேண்டும். நகலான பிறகு அது தன்னைத்தானே நிறுவிக்கொள்ள இன்னொரு இருபது நிமிடம். பஞ்சாலைக்கும் யோகேந்திரனுக்கும் ஒரு பென்டிரைவ். எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தார்கள்.

பஞ்சாலை அன்று தூங்கவில்லை. கை தானாக ஓடியது. நினைவகம், க்ளிக். வன்தட்டு, வயர், விசிறி. எள்ளுக்கு அண்ணன்களைக்கூட ஒவ்வொன்றாகத் துளையில் இறக்கிவிட்டாள். யோகேந்திரனின் பெட்டியில் ஒரு வயர் தகராறு செய்ததால் அவன் பின்தங்கினான். அவள் முதலில் பென்டிரைவைப் போட்டாள். மூன்று ஐம்பதுக்கு அவளுடைய நகல் முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள். அவள் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே விழுக்காடு ஏறியது. நாற்பது. நாற்பத்தெட்டு. அணைத்துவிடாதே என்று அதன் கீழே மலாயில் எழுதியிருந்தது. அல்ஃபியா கதவோரம் நின்று அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினாள்.

அப்போது சன்னல் கறுத்தது.

முதல் உறுமல் தூரத்தில்தான். பஞ்சாலையின் இடுப்பு நாற்காலியிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தது; உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் தன் பாரத்தைப் போட்டாள். ஐம்பத்தைந்து. கதவுக்கு வெளியே கூடைக்குள் போன் இருக்கிறது. இருந்தாலும் யாருக்குப் போடுவது? மோட்டார் எரிந்தால் மெத்தை தட்டையாகிவிடும். மெத்தை தட்டையானால் முதுகு புண்ணாகும். அறுபத்தொன்று. எரிஞ்சா எரியட்டும் என்று காலையில் சொன்னது அவளுடைய வாய்தானே என்று நினைத்துக்கொண்டாள். அறுபத்து நான்கு.

அடுத்தது தலைக்கு மேலேயே விழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறை முழுக்க ஒரு கணம் வெள்ளையானது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் பஞ்சாலையால் சொல்ல முடியாது. அவள் யோசித்துச் செய்யவில்லை. வெள்ளை அடங்கியபோது அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நீட்டிப்பு வயரின் பிளக் அவள் கையில் இருந்தது. அவள் திரையும் கறுப்பு, யோகேந்திரனின் திரையும் கறுப்பு.

"ஆண்டி!" என்றான் யோகேந்திரன்.

தேர்வாளர் எழுந்து வந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஏன் பிடுங்கினாய் என்று மலாயில் கேட்டார். பஞ்சாலை பதிலுக்கு சன்னலைக் காட்டினாள். இந்தக் கட்டடத்தில் இடிதாங்கி இருக்கிறது, அக்கா, என்றார் அவர். அல்ஃபியா ஓடிவந்து இருவருக்கும் நேரம் கூட்டித் தரக் கேட்டாள். பக்கத்து மேசையின் பென்டிரைவையாவது வாங்கித் தரக் கேட்டாள். மின்சாரம் தானாகப் போயிருந்தால் நேரம் தருவேன், ஆள் பிடுங்கினால் தர வழியில்லை. பென்டிரைவ் எண் குறித்துக் கொடுத்தது, மாற்ற முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான்கே காலுக்கு, இரண்டு பேரும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று அனுமதித்தார்.

பாதியில் அறுந்தது இனி உதவாது; முதலிலிருந்து தொடங்கினால் ஒருவருக்கு நாற்பது நிமிடம். முதல் ஆள் ஐந்து மணிக்குள் முடித்துவிடலாம். இரண்டாம் ஆள் பென்டிரைவுக்குக் காத்திருந்து தொடங்கினால் ஐந்து மணிக்கு அரைக்கிணறுதான் தாண்டியிருப்பார். பழம் எண்ணிய தலைக்கு இது கணக்கே இல்லை. யோகேந்திரனும் அதைப் போட்டுவிட்டிருந்தான். அவன் முகத்தில் தெரிந்தது. பென்டிரைவ் அவன் கணினியில்தான் இருந்தது. அவன் அதைப் பிடுங்கி அவள் பக்கம் நீட்டினான்.

"நீங்க மொத போடுங்க ஆண்டி. ஒங்களுக்கு வீடு இருக்கு. நா அடுத்த தேர்வ ஏப்ரல்ல எழுதிக்கிறேன்."

"ஏப்ரல் மட்டும் அந்தக் கடக்காரன் ஒனக்காக எடத்த வச்சிருப்பானா?"

அவன் பென்டிரைவை நீட்டியபடியே நின்றான்.

எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. இல்லை என்று சொன்னால் பொய். ஆறாவது கதவு கண்முன் வந்தது, கட்டில் வந்தது. பையன் கொடுக்கத்தானே செய்கிறான், பிடுங்கவில்லையே என்று மனம் சொன்னது. பிடுங்குகிற வேலைதான் ஏற்கெனவே ஆகிவிட்டதே என்று அதே மனம் சொன்னது.

அவள் பென்டிரைவை வாங்கி, அவன் கணினியில் செருகினாள். கட்டை விரலால் ஒரே அழுத்து.

"நா புடுங்குனது. நீ போடு. நேரத்த வீணாக்காத, ஐயா."

அதன்பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெளியே மழை கொட்டியது. கழுத்தில் ஏர்கான் காற்று பட்டது. அவள் மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தாள். தேர்வாளர் பார்த்தார், எழுப்பவில்லை. பன்னிரண்டு வாரத்தில் அவள் ஒரு கவலையும் இல்லாமல் தூங்கியது அந்த முக்கால் மணி நேரம்தான். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது யோகேந்திரன் திரையில் முகப்பு வந்தது. அவன் அவள் தோளைத் தொட்டு எழுப்பிக் காட்டினான். அன்று இடித்த இடியில் பகாவ் டவுனில் ஒரு பல்புகூடப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அல்ஃபியா கடைசிப் படிவரை கூட வந்தாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது.

"நா ஒரு லெட்டர் எழுதித் தர்றேன் ஆண்டி. எல்லா கிளாஸுக்கும் வந்தாங்க, நல்லா பூட்டுவாங்கன்னு. மேனேஜர்ட்ட கொடுங்க."

"குடுங்க டீச்சர், கொண்டு போறேன். ஆனா மேனேஜர் துவான் சிஜில்தான் கேட்டாரு. லெட்டர் கேக்கல."

"நா மொதல்லயே சொல்லியிருக்கணும் லா. இங்க இடி விழுந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னு."

"சொல்லியிருந்தாலும் புடுங்கியிருப்பேன், டீச்சர்" என்றாள் பஞ்சாலை. "நீங்க போங்க. நனையாதீங்க."

பஸ் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தாள். செம்பனை வரிசைகள் நனைந்து நின்றன. மணியத்திடம் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். தேர்வு கஷ்டமாக இருந்தது எனலாம். அடுத்த முறை பார்க்கலாம் எனலாம். அடுத்த முறை ஏப்ரலில். ஏப்ரலில் ஆறாவது கதவில் வேறு யாருடைய செருப்போ கிடக்கும். கோபம் வந்தது. டாக்டர் மேல், தேர்வாளர் மேல், மின்னல் மேல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கோபப்பட்டுப் பார்த்தாள். கடைசியில் தன் வலது கை மேல்தான் வந்து நின்றது. அந்தக் கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் ஓடவில்லை. மோட்டாரின் முனகல் இல்லை. கட்டிலில் மெத்தை தட்டையாகக் கிடந்தது. மேலே ஆள் இல்லை.

"என்னாங்க!"

"இங்க இருக்கேன், கத்தாத."

மணியம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து கிடந்தார். இரண்டு முழங்கையும் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. வேட்டி அழுக்காகிச் சுருண்டிருந்தது. கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ்வரை சிமெண்டுத் தரையில் அவர் தவழ்ந்துவந்த தடம் ஈரமாக இருந்தது. ஃபேன் பிளக், டிவி பிளக், மோட்டார் பிளக் மூன்றும் தரையில் கிடந்தன. நான்காவதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எறங்காதீங்கன்னு சொன்னேன்ல! விழுந்துட்டீங்களா? எங்க அடி?"

"விழல. எறங்குனேன்" என்றார் மணியம். முகத்தில் வலி இருந்தது, அதற்கு மேலே ஒரு பெருமையும் இருந்தது. நான்கு வருடமாக அந்த முகத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. "மொத இடிலயே எறங்கிட்டேன். நாலும் புடுங்கியாச்சி. நீ அங்க ஒக்காந்து வீட்ட நெனச்சி பயந்துகிட்டே இருப்ப. நெனப்பு இங்க இருந்தா கை அங்க எப்படி ஓடும்? அதான். ராக்கம்மா இல்லாட்டி என்னா, நா இல்ல?"

பஞ்சாலை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் சேர்த்துவைத்திருந்த பொய் ஒன்றும் அவளுக்கு உதவவில்லை. அவர் கையிலிருந்த பிளக்கை மெதுவாக வாங்கினாள்.

"நானும் புடுங்கிட்டேங்க" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். அறுபத்து நான்கைச் சொன்னாள், பையனைச் சொன்னாள், ஏப்ரலைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது, அடக்கவில்லை. மணியம் சுவரில் தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இடி இடிச்சா புடுங்கத்தான செய்யணும்" என்றார் கடைசியில்.

மழை விட்டிருந்தது. அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் பிளக்கை முதலில் செருகினாள். மெத்தை ஒரு பெருமூச்சு விட்டு மெல்ல ஊதத் தொடங்கியது. அது முழுதாக நிறைய அரை மணி நேரம் ஆகும். அதுவரை அவரைத் தூக்கிப் போட முடியாது. அவள் மறுபடி வந்து உட்கார்ந்து, அவர் முழங்கையை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.